துடைப்பத்தால் அள்ள முடியாதது

செவ்வாய், மே 12, 1998. மாலை வகுப்பு முடிந்து வந்த பிறகு.

இன்று ஒரு சிறு பிழை. குறிப்பேட்டின் பதினான்காம் பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் 'இயற்பியல் சிதைவு' என்றும் வலப்பக்கம் 'வேதிச் சிதைவு' என்றும் தலைப்புப் போட்டிருந்தேன். பாறை எப்படியெல்லாம் அழிகிறது என்று பட்டியலிட வேண்டும். சுவரில் பூக்கும் உப்பை வலப்பக்கத்தில் எழுதிவிட்டேன். உப்பு என்றால் வேதியியல்தானே என்று நினைத்தேன். ஆசிரியை அதைப் பென்சிலால் வட்டமிட்டு, இடப்பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி இழுத்திருந்தார். திட்டவில்லை. ஒரு வட்டம், ஓர் அம்பு, அவ்வளவுதான்.

இந்தக் கதை அந்த வட்டத்திலிருந்து பிறந்தது.

இல்லை, அது முழு உண்மை அல்ல. முழு உண்மை ஆறாம் பகுதியில் இருக்கிறது. அதுவரை போக எனக்குத் துணிவு வருமா என்று பார்க்கத்தான் பகுதிகளுக்கு எண் போடுகிறேன். எண் போட்டுவிட்டால் நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

1

முதல் தொடக்கம்: "கடலோர ஊர்களில் கல்லுக்கும் நோய் வரும், அந்த நோய்க்கு—"

அடித்துவிட்டேன். கல்லுக்கு நோய் வராது. பாதிக் கதைகள் இப்படி ஒரு பொய்யில் தொடங்கி அதைக் காப்பாற்றவே மீதிப் பக்கங்களைச் செலவழிக்கின்றன.

இரண்டாம் தொடக்கம்: "மெர்வின் பாஸ்கோ, வயது அறுபத்தாறு, தானியக் கிடங்கில் பொருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி பெயர் வால்மே, பிள்ளைகள்—"

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் போல இருக்கிறது. தவிர, 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்குப் பிறகு என்ன எழுதுவது? ஒன்று என்றா? இல்லை என்றா? அந்த வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் திணறியிருப்பார்கள்.

மூன்றாம் தொடக்கம் கீழே. இதை வைத்துக்கொள்கிறேன். நன்றாக இருப்பதால் இல்லை, நடந்தது என்பதால்.

2

தினமும் காலையில் வால்மே பாஸ்கோ தன் வீட்டைக் கொஞ்சம் கூட்டி அள்ளி வெளியே கொட்டுவாள்.*

(*கதைக்குள் அவரை 'அவள்' என்கிறேன், மெர்வின் கண்ணால் பார்ப்பதால். வேலிக்கு இந்தப் பக்கம், அடுத்த வீட்டில் இருக்கும் நான் அப்படிச் சொல்லமாட்டேன்.)

வீடு சுண்ணாம்புக் கல்லால் கட்டியது. அந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். மண்ணுக்கடியில் இருக்கும் உப்பு நீர் சுவருக்குள் ஏறும். கோடை வந்தால் நீர் காய்ந்துவிடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். தங்கிய உப்பு மணி மணியாக வளர்ந்து, கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். கல் பொருக்குப் பொருக்காக உதிரும். ஊரில் இதை 'உப்பு ஈரம்' என்பார்கள். கதவு மூடவில்லையா, உப்பு ஈரம். முழங்கால் வலிக்கிறதா, அதுவும் உப்பு ஈரம்தான்.

உணவறையின் அடிச்சுவரிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி விழும். அவள் கணவர் மெர்வின், ஊருக்கு மெர்வ், தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து அவள் கூட்டுவதைப் பார்ப்பார்.

"சுவரைத் தொடாதே கிழவா. நீ தொட்டுத் தொட்டுத்தான் இன்னும் கொட்டுது."

"நான் எங்க தொட்டேன்? சும்மா பார்த்தேன்."

"நீ பார்த்தாலே கொட்டுது. நாற்பது வருஷத்துல வீட்டை முக்கால்வாசி நான்தான் குப்பைல போட்டிருக்கேன். மிச்சத்தை நான் போனதும் நீ போட்டுக்கோ."

"எல்லாத்தையும் சேர்த்து வெச்சிருந்தா இன்னொரு வீடு கட்டியிருக்கலாம்."

"கட்டு. அதுல நீ தனியா இரு."

மெர்வ் சிரிப்பார். ஆனால் அவர் சொன்னது வெறும் வேடிக்கை இல்லை. உதிர்ந்த பொடி அதே சுண்ணாம்புக் கல்தான். அளவு மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கிப் பிளந்த பாறையும், வேர் நுழைந்து உடைத்த பாறையும் அப்படித்தான். எத்தனை துண்டானாலும் ஒவ்வொரு துண்டும் பழைய பாறையின் துண்டு. இயற்பியல் சிதைவு என்றால் அதுதான். (பாடப் புத்தகத்தில் பிளவுக்குள் நீர் உறைந்து பாறையை உடைக்கும் படம் போட்டிருந்தது. எங்கள் ஊரில் நீர் உறைவது குளிர்பெட்டியில் மட்டும். வகுப்பே சிரித்தது.)

இதை வால்மேயிடம் வேலி வழியாக நான் ஒருமுறை விளக்கப் போனேன். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டு, "இதுக்கு ராத்திரியெல்லாம் வகுப்பா? கூட்டி அள்ள முடியற வரைக்கும் அது என் வீடு. அள்ள முடியாம போச்சுன்னா போச்சு. எழுதிக்கோ," என்றார்.

எழுதிக்கொண்டேன். புத்தகத்தில் இருந்ததைவிட அது தெளிவாக இருந்தது.

3

இப்போது அவர்கள் மகன் எல்லிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று முறை எழுதி மூன்று முறையும் நீண்டுவிட்டது. நான் பிறப்பதற்கு முன்னே போனவனைப் பற்றி நீளமாக எழுத எனக்கு உரிமை இல்லை. சுருக்கமாக:

1971 ஆகஸ்டில், ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியிலிருந்து வந்த எல்லிஸ் தலை வலிக்கிறது என்றான். திங்கட்கிழமை அவன் இல்லை. ஆறு வயது.

கல்லறைக்கு வைக்கப் பளிங்குக் கல் மலைப்பக்கத்திலிருந்து லாரியில் வந்தது. தேதிகளைக் கல்தச்சர் ஆழமாக வெட்டினார். பெயரை மட்டும் வெட்ட விடாமல் வால்மே நிறுத்தினாள். பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். எல்லிஸ் தன் பெயரை ஆங்கிலத்தில் தானே எழுதிய தாள். கோணல் மாணலான எழுத்து. கடைசி எழுத்தான 'எஸ்' மறுபக்கம் திரும்பி நின்றது, கண்ணாடியில் பார்ப்பது போல.

"அம்மா, கடைசி எழுத்து திரும்பியிருக்கே. நான் நேராக்கிடட்டுமா?"

"அவன் எழுதினதைத் திருத்த நீ யாரு? வாத்தியாரா?"

"இல்லம்மா, பார்க்கிறவங்க என்னைத் தப்பா நினைப்பாங்க."

"நினைக்கட்டும். உன் பேரையா வெட்டறே?"

கல்தச்சர் தாளைக் கல்லில் ஒட்டி, பென்சில் கோட்டின் மேலேயே மெல்லிய உளியால் கீறினார். கோடு மெலிதாக இருந்ததால் கீறலும் மெலிதாகவே விழுந்தது. தாள் உளியடியில் நாராகிப் போனது. வீட்டில் அவன் எழுதிய வேறு தாள் எதுவும் மிஞ்சவில்லை. முதல் வருடத்தில் ஒருநாள் மெர்வ் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு யாருக்கோ கொடுத்துவிட்டார். அப்போது அது நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆக எல்லிஸின் கையெழுத்து உலகத்திலேயே அந்த ஒரு கல்லில்தான் இருந்தது.

மெர்வ் கல்லறைக்குப் போகும்போதெல்லாம் கட்டைவிரலை அந்த 'எஸ்' மேல் ஓட்டுவார். மேலிருந்து கீழாக, தப்பான திசையில். முதல் வருடங்களில் பள்ளத்தில் நகம் உட்கார்ந்தது. பிறகு நகத்தின் நுனி. சென்ற வருடம், பள்ளம் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டும் பள்ளம்.

அதற்கு உப்பு காரணமில்லை. மழை. மழைநீரில் காற்றிலிருந்து கலந்த கொஞ்சம் அமிலம் எப்போதும் உண்டு, சோடாவில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. பளிங்குக்கு அது போதும். பளிங்கு அதில் கரைந்து வேறொன்றாக மாறி நீரோடு போய்விடும். கருங்கல்லாக இருந்தால் இன்னும் பல தலைமுறை தாங்கியிருக்கும். அதுவும் மாறும், களிமண்ணாக, துருவாக, ஆனால் மெதுவாக. இது வலப்பக்கத்துச் சிதைவு. இதில் கீழே எதுவும் விழாது.

4

இந்த இடத்தில் ஓர் உவமை எழுதினேன். மெர்வின் துயரம் இயற்பியல் சிதைவு, வால்மேயுடையது வேதிச் சிதைவு என்று. அவர் வருடம் ஒருமுறை எல்லிஸின் பிறந்தநாளன்று உடைவார். தோட்டத்துக் கொட்டகையில் போய் நின்று அழுதுவிட்டு, வந்து அடுப்பில் இறைச்சி வாட்டுவார். உடைந்த துண்டெல்லாம் அதே மெர்வ். வால்மே ஒருநாளும் உடைந்ததில்லை. ஆனால் 1971-க்கு முன் ஊர்க் கூடத்தில் நடனம் என்றால் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக வந்தவள் எங்கே போனாள் என்று யாருக்கும்—

அடித்துவிட்டேன். இது மிகவும் அழகாக உட்காருகிறது. இரண்டு மனிதர்களை ஒரு பக்கத்தில் கோடு கிழித்து இடம் வலமாகப் பிரிக்கிற புத்தி என் குறிப்பேட்டுடையது, அவர்களுடையது இல்லை. உப்பையே தப்பான பக்கத்தில் போட்டவள் நான். (அடித்த பிறகும் நீங்கள் படித்துவிட்டீர்கள். அது எனக்குத் தெரியும். வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேனோ?)

புத்தகத்தில் இன்னொரு வரி உண்டு. இரண்டு சிதைவும் தனித்தனியாக வேலை செய்வதில்லை. உடைந்த கல்லுக்கு முகங்கள் அதிகம். அமிலம் அதில் வேகமாகப் புகும். அந்த வரியை அப்படியே வைத்துவிட்டு மேலே போகிறேன்.

ஐந்து மாதமாக வால்மே கல்லறைக்குப் போகவில்லை. இடுப்பு மூட்டு அறுவை, பிறகு பிடித்து நடக்கும் தள்ளுவண்டி, பிறகு கைத்தடி. மே பத்தாம் தேதி அன்னையர் தினம். அன்றைக்கு வெள்ளைச் சாமந்தியோடு கல்லறைக்குப் போவது அவள் வழக்கம். மற்ற அம்மாக்களுக்குப் பிள்ளைகள் சாமந்தி கொண்டுவந்து கொடுப்பார்கள். இவள் தானே வாங்கிக்கொண்டு போவாள். இந்த வருடம் கண்டிப்பாகப் போவேன் என்று மருத்துவரிடமே சொல்லிவிட்டாள். கல் எப்படியிருக்கிறது என்று மெர்வுக்குத்தான் தெரியும். ஐந்து மாதத்தில் கரும்பாசி ஏறி, பெயர் பாதி மறைந்து, சுற்றிலும் புளியாரை மண்டிக் கிடந்தது. அவள் வருவதற்குள் அதை வெளுப்பாக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

5

மே மூன்று, ஞாயிறு. மெர்வ் மண்டியிட்டுப் புளியாரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நகரத்திலிருந்து வந்த ஓர் இளம் ஆராய்ச்சிக்காரி கல்லறை கல்லறையாகக் குனிந்து எதையோ நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். கையில் ஒரு சின்னத் துளிப்புட்டி. எல்லிஸின் கல்லுக்குப் பின்னால் போய் அடிமூலையில் ஒரு சொட்டு விட்டாள்.

"என்ன கண்ணு, அவனுக்கு மருந்தா குடுக்கறே?"

"சோதனைதான், ஒரு சொட்டு ஆசிட். பொங்கினா பளிங்கு, சுண்ணாம்புக் கல் வகை. பொங்கலேன்னா வேற வகை."

"என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, பளிங்குன்னு. லாரில இருந்து இறக்கினதே நான்தான்."

"நானே பார்த்தாதான் நோட்ல எழுதலாம்."

"அப்ப நான் சொன்னா செல்லாது. என் பொண்டாட்டி கட்சி நீ."

சொட்டு சீறிப் பொங்கியது. அவள் துணியால் துடைத்தாள். சாம்பல் நிறக் கல்லில் பட்டாணி அளவு ஒரு வட்டம், பால் வெள்ளையாக.

மெர்வ் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "அடேயப்பா. பல்லு விளக்கின மாதிரி ஆயிடுச்சே. எப்படி?"

"அழுக்கு போகுது," என்றாள் அவள், நோட்டில் எழுதிக்கொண்டே.

மே ஒன்பது, சனிக்கிழமை காலை. வாளி, கையுறை, தேய்க்கும் பிரஷ், நீச்சல்குளத்தில் ஊற்றும் ஆசிட் ஒரு கேன். மெர்வ் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து ஊற்றினார். கல் முழுக்க நுரைத்தது. சூடான கல்லில் கொழுப்பு விழுவது போன்ற சத்தம். நுரை கறுப்பாக இறங்க இறங்க அவருக்கு மனசு லேசானது. இருபத்தேழு வருட அழுக்கு. ஒருநாள்கூட இவனைக் குளிப்பாட்ட வாய்ப்பில்லாமல் போன இருபத்தேழு வருடம். பிரஷ்ஷால் தேய்த்தார். இன்னும் ஊற்றினார். குழாயடியிலிருந்து ஆறு நடை தண்ணீர் கொண்டுவந்து கழுவினார்.

கல் புதிதாக இருந்தது. லாரியில் வந்த அன்று இருந்ததுபோல வெள்ளை வெளேரென்று.

கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலை வைத்தார். சொரசொரவென்று சர்க்கரை போல இருந்தது. விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். இடம் தப்பிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி ஓட்டினார். தேதிகள் இருந்தன, மங்கலாக. தேதிகளுக்கு மேலே சர்க்கரைதான் இருந்தது. விரல் எங்கே போனாலும் சர்க்கரை.

அவர் கீழே பார்த்தார். உடைந்தது என்றால் எங்காவது விழுந்திருக்கும். புளியாரைக்கு நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மண்டியிட்டு இரண்டு கையாலும் தரையைத் தடவினார். கூட்டி அள்ள அங்கே எதுவும் இல்லை.

6

நகரத்திலிருந்து எந்த ஆராய்ச்சிக்காரியும் வரவில்லை.

துளிப்புட்டி என்னுடையது. வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள், வீட்டுப்பாடத்துக்கு: பத்துக் கற்களைப் பார்த்து எது எந்தச் சிதைவு என்று குறித்து வரவேண்டும். எல்லிஸின் கல் எனக்கு ஏழாவது. "அழுக்கு போகுது" என்று சொன்னது நான். போனது அழுக்கு இல்லை. அழுக்கு உட்கார்ந்திருந்த கல். அது எனக்குத் தெரியும். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் படித்திருந்தேன். ஆனால் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கிழவருக்குப் பதில் சொல்ல எது சுலபமோ அதைச் சொன்னேன்.

இன்னும் இருக்கிறது.

பகலில் நான் வேலை பார்ப்பது ஊரின் ஹார்டுவேர் கடையில். மே எட்டு, வெள்ளிக்கிழமை மதியம் மெர்வ் வந்து அந்தக் கேனை என் முன்னால் வைத்தார்.

"நீச்சல்குளம் எப்ப வெட்டினீங்க மெர்வ்? பக்கத்து வீடு, எங்களைக் கூப்பிடவே இல்ல."

"குளம் இல்ல, எலிப் பொந்து இருக்கு. எலிங்க குளிக்கணும்னு ஒரே அடம்."

"கையுறை போட்டுக்கோங்க. புகையை மூச்சுல இழுத்துடாதீங்க."

"என் பொண்டாட்டி மாதிரி பேசாதே. வீட்ல ஒருத்தி போதும்."

சிரித்துக்கொண்டே பையில் போட்டுக் கொடுத்தேன். குளம் இல்லாதவர்களும் வாங்குவார்கள்தான். செங்கல்லில் ஒட்டிய சிமென்ட்டைக் கழுவ. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா? 'எதுக்கு?' என்ற ஒரு சொல். அதைக் கேட்கவில்லை. கையுறை வரைக்கும் ஞாபகம் வந்தவளுக்கு அது வரவில்லை.

ஆறாம் பகுதி முடிந்தது.

7

அன்னையர் தினத்தன்று காலை வால்மே தொப்பி வைத்துத் தயாராக நின்றாள். சாமந்தித் தொட்டி மேசையில் இருந்தது. மெர்வ் வண்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பேட்டரி செத்துவிட்டது என்றார்.

"முப்பது வருஷமா ஓடற வண்டி, இன்னிக்குத்தான் சாகணுமா?"

"நான் என்ன பண்ண, வால்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உட்காரு. முகம் ஏன் சுவர் மாதிரி இருக்கு?"

அவர் உட்கார்ந்தார். அவள் தொப்பியைக் கழற்றவில்லை. மதியம் சாப்பிடும்போதும் அது தலையிலேயே இருந்தது.

(இதுவரை மெர்வ் எனக்குச் சொன்னது. இனிமேல் நானே பார்த்தது.)

திங்கட்கிழமை மெர்வ் கடைக்கு வந்தார். பெயின்ட் வரிசையில் ஒன்றும் வாங்காமல் ரொம்ப நேரம் நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"நெரீடா, திரும்பச் சேர்க்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா? கல்லுக்கு?"

"பசை இருக்கே, ரெண்டு மூணு வகை. எது உடைஞ்சது?"

"உடையல."

நான் கையில் எடுத்த பசை டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

"உடைஞ்சிருந்தா உன்கிட்ட வந்திருக்கவே மாட்டேனே கண்ணு. உடைஞ்சதை ஒட்ட எனக்குத் தெரியும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நுரை, சத்தம், சர்க்கரை. என் சொட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்திருக்கலாம். இல்லை, மறக்கவில்லை. கடைசியில் கிளம்பும்போது, "நீ ஓரமாத்தான் விட்டே. மூலையில, கண்ணுக்குத் தெரியாம. நான்தான் மேல இருந்து ஊத்தினேன்," என்றார். அவர் என்னை மன்னித்தது எனக்குப் பிடிக்கவில்லை. மன்னிக்க வேண்டியவர் அவர் இல்லை.

இன்று, செவ்வாய் மாலை, வகுப்புக்குக் கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வால்மே கூப்பிட்டார். கையில் மெர்வின் வேலைக் கால்சட்டை, துவைத்துக் காய்ந்தது. முழங்காலுக்கு மேலே எட்டுப் பத்து ஓட்டைகள்.

"நெரீடா, இங்க வா. இதைப் பாரு. என் புருஷனைக் கரையான் அரிச்சிருக்கு. உங்க கடையில இவனுக்கு என்னத்தை வித்தீங்க?"

"பேட்டரி ஆசிட்டா இருக்கும், வால்மே."

ஒரு நொடிகூட ஆகவில்லை. எனக்கு இவ்வளவு வேகமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

"அப்படியா." ஓட்டை வழியாக விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். "அதே பேட்டரி போட்டுத்தான் நேத்து மீன் வாங்கப் போனான்."

நான் தோளில் வகுப்புப் பையின் வாரைச் சரிசெய்தேன்.

"நாளைக்கு உனக்கு லீவுதானே? என்னைக் கூட்டிட்டுப் போ. அவன்கிட்ட சொல்லாதே."

"எங்க?" தெரியாதவள் போலக் கேட்டேன்.

"சினிமாவுக்கு." கால்சட்டையை நான்காக மடித்தார். "நோட்டும் கையுமா அலையறியே, எங்களைப் பத்தி எழுதறியா? என் இடுப்பு பழசுன்னு எழுதிடாதே. புதுசு போட்டிருக்கேன்."

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாசற்படியில் அன்றைய பொடி குவிந்திருந்தது. கூட்டியிருந்தார், அள்ளவில்லை.

8

முடிவுகள்.

முதல் முடிவு: பெயரை அரித்தது 'உப்பு ஈரம்' என்கிறார் மெர்வ். இந்த ஊரில் அந்தச் சொல்லை நம்பாதவர்கள் இல்லை. என் பதினான்காம் பக்கத்துப் பிழை கடைசியில் ஒருவருக்கு உதவியதாக இருக்கும். ஆனால் நாற்பது வருடமாக உப்பைக் கூட்டுகிறவரிடம் உப்பைப் பற்றிப் பொய் சொல்லி—

எழுத முடியவில்லை.

இரண்டாம் முடிவு: வேறொரு கல்தச்சரை வைத்துப் பெயரைத் திரும்ப வெட்டுகிறார்கள். அவரும் கேட்பார், கடைசி எழுத்தை நேராக்கிவிடட்டுமா என்று. வால்மே அதே பதிலைச் சொல்வார். ஆனால் தாள் இல்லை. யார் எழுதிக் கொடுப்பது? அறுபது தாண்டிய ஒரு கை வேண்டுமென்றே திருப்பி எழுதும் 'எஸ்', நேராகத்தான் எழுதுகிறோம் என்று நம்பி ஓர் ஆறு வயதுக் கை எழுதிய 'எஸ்' ஆகுமா?

மூன்றாம் முடிவுக்கு ஒரு தகவல் வேண்டும். இன்று வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் கேட்டேன், அழிந்த எழுத்தைப் பார்க்க வழி உண்டா என்று. வெளிச்சம் பக்கவாட்டில், மிகவும் சாய்ந்து விழுந்தால், தலைமுடி அளவு பள்ளத்துக்கும் நிழல் உண்டு என்றார். "யாருடைய கல்?" என்று கேட்டார். "யாருடையதும் இல்லை," என்றேன். இன்றைக்கு இரண்டாவது பொய். பிறகு அவரே சொன்னார்: ஆசிட் பட்ட பளிங்கில் பெரும்பாலும் நிழலும் இருக்காது. பெரும்பாலும்.

அந்தக் கல் வடக்குப் பார்த்து நிற்கிறது. பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊரில், மே மாதக் காலை வெயில் அதன்மேல் பக்கவாட்டில்தான் விழும். அந்த மூன்றாம் முடிவு என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கும் அது வேண்டும், மிகவும் வேண்டும். அதனாலேயே எழுதமாட்டேன். எழுதிவிட்டால் நாளைக் காலை கல்லைப் பார்க்காமல் என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பெயரைக் கோணலாக எழுதுங்கள். கடைசி எழுத்தை மறந்துவிடாதீர்கள்.

உப்பை இடப்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். வலப்பக்கத்தில் காலியான வரியில் ஒன்றும் எழுதவில்லை.

நாளை, புதன், மே 13:

ஏழேகாலுக்கு வால்மேயை அழைத்துக்கொள்ள வேண்டும்; வெயில் ஏறுவதற்கு முன் அங்கே இருக்க வேண்டும். முன் இருக்கைக்குத் தலையணை, அவர் இடுப்புக்கு. சாமந்தித் தொட்டி. மெல்லிய தாள், கரித்துண்டு, ஏதாவது தெரிந்தால் தேய்த்துப் படியெடுக்க. துளிப்புட்டியும், எது கரைத்தது என்று காட்ட.

வண்டியைக் கிளப்புவதற்கு முன் சொல்ல வேண்டும். கிளப்பிய பிறகு அல்ல.